மூன்று ராத்திரி வைத்துப் பார்த்த கம்மல்

திருப்பதி பஸ் ஸ்டாண்டை விட்டு வெளியே வந்தால் ஒரு வைர விளம்பரம் கண்ணில் படும். காது, கழுத்து, மூக்கு எல்லாவற்றிலும் வைரம் போட்ட பெண் ஒருத்தி ஆளுயரப் பலகையில் சிரித்துக்கொண்டு நிற்பாள். அதைத் தாண்டும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது. அந்தப் பெண் மேல் எனக்கென்ன கோபம், பாவம், சம்பளத்துக்குச் சிரிக்கிறாள். கல்லின் மேலும் இல்லை. ஒரு கல்லை வைத்துக்கொண்டு என் தங்கையை எடை போட்டார்களே, அவர்கள் மேல்தான்.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். நிதானமாகச் சொல்ல எனக்கு வராது.

நாங்கள் நகரிக்காரர்கள். நைனாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, நாலு விசைத்தறி. வீட்டின் பின்பக்கம் தறி, முன்பக்கம் நாங்கள். காலமெல்லாம் அந்தச் சத்தத்திலேயே நின்று நைனாவுக்குக் காது பாதி போய்விட்டது. அதனால் வாயைத் திறந்தால் தெருக்கோடி வரைக்கும் கேட்கும். ஆனால் வாயைத் திறப்பது அபூர்வம். வீட்டில் பேச்சு முழுக்க அம்மாவுடையதும் என்னுடையதும்தான்.

எனக்குக் கல்யாணமாகி ரேணிகுண்டாவில் இருக்கிறேன். செல்போன் பாகங்கள் செய்கிற கம்பெனியில் செக்கிங் பிரிவு. பூதக்கண்ணாடி விளக்குக்கு அடியில் வருகிற ஒவ்வொன்றையும் பார்த்து நல்லது, கெட்டது என்று பிரித்துப் போடுவது என் வேலை. தங்கைக்குத் திருப்பதியில் ஓர் ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனை லேபில் வேலை. பகல் முழுக்க மைக்ராஸ்கோப்பில் கண் வைத்திருப்பவள். எனக்கு வருகிற கோபத்தில் கால்வாசி அவளுக்கு வந்து நான் பார்த்ததில்லை.

அவளுக்கு வந்த மாப்பிள்ளை திருச்சானூர். தாயார் கோயிலுக்குப் பக்கத்தில் லாட்ஜ் வைத்திருக்கும் குடும்பம், எங்கள் ஜனம்தான். அவர் வீட்டில் இருந்தபடியே கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறார். ‘அவர்’ என்று எழுதுவது இதுதான் கடைசி. இரண்டு பேரும் ஓட்டலில் உட்கார்ந்து காபி குடித்துப் பேசினார்கள், போனில் பேசினார்கள். தங்கைக்குப் பிடித்துப்போனது. இதை அழுத்திச் சொல்கிறேன். அவளுக்குப் பிடித்திருந்தது என்பதால்தான் நாங்கள் அத்தனைக்கும் தலையாட்டினோம்.

மாப்பிள்ளையின் அம்மா ஒரே ஒரு விஷயம்தான் கேட்டார்.

“நாங்க இன்னா வரதட்சணையா கேக்கறோம்? எங்க வூட்டுக்கு வர்ற மருமவ காதுல ஏழு கல்லு வைரக் கம்மல் இருக்கணும். அது எங்க வழக்கம். போடப் போறதும் உங்க பொண்ணு காதுக்குத்தான். எங்க காதுக்கா போடறீங்க?”

எப்படி இருக்கிறது பாருங்கள். கேட்கவும் வேண்டும், கேட்கவில்லை என்ற பெயரும் வேண்டும். நான் வாயைத் திறக்கும் முன்னால் அம்மா என் தொடையைக் கிள்ளினாள். நைனா சரி என்று தலையாட்டிவிட்டார். ஐந்தாவது தறி வாங்கச் சேர்த்திருந்த பணம் கம்மலுக்குப் போவது அங்கேயே முடிவாகிவிட்டது.

திருப்பதியில் ஒரு பெரிய கடைக்குப் போனோம். நைனா, அம்மா, தங்கை, நான். “ரண்டி, ரண்டி, கூர்ச்சோண்டி” என்று உட்காரவைத்து மோர் கொடுத்தார்கள். நாங்கள் தமிழ் பேசுவதைக் கேட்டதும் விற்பனைக்காரர் தமிழுக்கு மாறிக்கொண்டார். கறுப்பு வெல்வெட் தட்டில் கம்மல்களைப் பரப்பி வைத்தார். மேலே விளக்கென்றால் விளக்கு, அப்படி ஒரு விளக்கு. அந்த வெளிச்சத்தில் அம்மாவின் கண்ணாடி வளையல்கூட மின்னியது. ஒரு ஜோடியை வாசலுக்கு எடுத்துப்போய் வெயிலில் பார்க்கட்டுமா என்று கேட்டேன். செக்யூரிட்டியைக் கூடவே அனுப்பித்தான் விட்டார்கள். வெயிலில் அது கொஞ்சம் அடங்கித்தான் தெரிந்தது.

“இதுக்கு ஏன் இவ்ளோ வெல?” என்று கேட்டேன்.

“கெடைக்கறது கஷ்டம்மா. பூமிக்கு அடியில எவ்வளவோ ஆழத்துல வெளையறது.”

“கெடைக்கறது கஷ்டம்னா உங்க கடையில மட்டும் எப்படி அல்மாரி அல்மாரியா கீது?”

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. பிறகுதான் விலை போடுகிற விதத்தைச் சொன்னார். முதலில் எடை. அதைக் கேரட், சென்ட் என்று கணக்குப் பார்ப்பார்கள். ஆனால் தக்காளி மாதிரி எடைக்கு ஏற்ற விலை கிடையாது. பத்துச் சின்னக் கல்லைச் சேர்த்து ஒரு பெரிய கல்லின் எடை வந்தாலும், விலை அந்தப் பெரிய கல்லின் பக்கத்தில்கூட வராது. பிறகு நிறம். மஞ்சள் தட்டத் தட்ட விலை இறங்கும். வெள்ளைக்குள் லேசாக நீலம் ஓடினால் ப்ளூ ஜாகர் என்று சொல்லி எங்கள் பக்கத்தில் தலையில் தூக்கி வைத்துக்கொள்வார்கள். பட்டை தீட்டியதில் கோணம் தப்பினால் உள்ளே போன வெளிச்சம் திரும்பி வராது, கல் செத்தாற்போல் இருக்கும். கடைசியாகச் சுத்தம். உள்ளே கோடு, புகை, புள்ளி எது இருந்தாலும் விலை குறையும்.

தங்கை தேர்ந்தெடுத்த ஜோடியில், இடது கம்மலின் ஓரத்துக் கல் ஒன்றுக்குள் ஒரு புள்ளி இருந்தது. கடைக்காரரே லென்ஸைக் கொடுத்துக் காட்டினார். அந்த மட்டில் அவர் ஒளிக்கவில்லை.

“இது வெறுங்கண்ணுக்குத் தெரியவே தெரியாதும்மா. லென்ஸ் வச்சாத்தான் தெரியும். இது இருக்கறதுதான் நல்லது. இப்ப மெஷின்ல வைரம் பண்றாங்க. அதுவும் நெஜ வைரம்தான், இதேமாதிரி மின்னும், வெல ரொம்பக் கம்மி. இந்தப் புள்ளி பூமிக்குள்ள வெளைஞ்சதுக்கு அடையாளம். பொறந்த மச்சம்னு வச்சிக்கங்க.”

இரண்டும் ஒரே வைரமாம், ஒரே மாதிரி மின்னுமாம். எங்கே பிறந்தது என்பதில்தான் விலையாம். எங்கள் ஜனம் சம்பந்தம் பேசுவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்க நினைத்தேன். அம்மாவின் கை மறுபடி என் தொடைப் பக்கம் வந்தது.

எங்கள் பக்கம் தங்கத்தை வாங்கிய அன்றே போட்டுக்கொள்வார்கள். வைரத்தை அப்படிப் போட்டுக்கொள்ள மாட்டார்கள். அது எல்லாருக்கும் ஒத்துக்கொள்ளாது என்று ஒரு பயம். வாங்கிவந்து மூன்று ராத்திரி சாமி அலமாரியில் வைத்துப் பார்க்க வேண்டும். கெட்ட கனவு வந்தாலோ, பால் திரிந்தாலோ, யாராவது காய்ச்சலில் படுத்துவிட்டாலோ கல் ஆகாது என்று அர்த்தம். கடைக்காரர்களுக்கும் இது பழக்கம்தான். முழு விலையையும் கட்டிவிட்டுக் கொண்டுபோகலாம், ஒத்துவராவிட்டால் மூன்று ராத்திரிக்குள் திருப்பிக்கொடுத்து வேறு எடுத்துக்கொள்ளலாம்.

எங்கள் வீட்டில் மூன்று ராத்திரி இருந்தது. நானும் லீவு போட்டு நகரிக்கு வந்திருந்தேன். அம்மா விடிந்ததும் எல்லாரையும் எழுப்பி என்ன கனவு கண்டீர்கள் என்று கேட்டாள். திருப்பதி ஹாஸ்டலில் இருந்த தங்கை போனில், பரீட்சைக்குப் படிக்காமல் போனதாகக் கனவு என்றாள். அது எப்போதும் வருகிற கனவுதான் என்று தள்ளிவிட்டார்கள். இரண்டாம் நாள் மத்தியானம் கரண்ட் போய் நாலு தறியும் நின்றது. அம்மாவின் முகம் வெளுத்தது. நகரியில் மத்தியானக் கரண்ட் போகாத நாள் எது என்று நான் கத்தினேன். நைனா வழக்கம்போல நூல் அறுந்ததை முடிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். கடைசியில் கல் ஒத்துக்கொண்டது என்று முடிவாயிற்று.

அங்கேதான் வந்தது வினை. சம்பந்தியம்மா போன் போட்டு, “எங்க வூட்லயும் மூணு ராத்திரி இருக்கட்டும். கடைசியில கல்லு வாழப் போறது இங்கதானே” என்றார். எந்த ஊரிலும் இப்படி ஒரு வழக்கத்தை நான் கேள்விப்பட்டதில்லை. அம்மா மஞ்சள் துணியில் முடிந்து, வெற்றிலைபாக்கு பழத்தோடு தாம்பாளத்தில் வைத்துக்கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தாள்.

மூன்றாவது ராத்திரி முடிந்ததும் வரச்சொல்லி ஆள் அனுப்பினார்கள். நைனா, அம்மா, நான் போனோம். லாட்ஜுக்கு மேல்மாடியில் அவர்கள் வீடு. அதே தாம்பாளம், அதே மஞ்சள் துணி மேஜையில் இருந்தது. மாப்பிள்ளை ஓரத்து சோபாவில் போனைத் தேய்த்துக்கொண்டிருந்தான். அவன் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து மைசூர்பாகு தின்றுகொண்டிருந்தார்.

“தப்பா நெனைக்காதீங்க. கல்லு ஒத்துவரல” என்று சம்பந்தியம்மா ஆரம்பித்தார். “வச்ச மொத நாளே போர் மோட்டார் எரிஞ்சுபோச்சி. அடுத்த நாளு இவருக்கு சுகர் ஏறிடுச்சி. எனக்கு மனசே சரியில்ல. எங்களுக்குத் தெரிஞ்ச ஆசாரிகிட்ட எடுத்துக்கினு போனேன். கண்ணாடி வச்சிப் பாத்துட்டு, கல்லுக்குள்ள கருப்புப் புள்ளி கீதே, இத்தப் போயி யாராச்சும் வூட்ல வைப்பாங்களான்னு கேட்டாரு.”

எனக்குத் தலைக்கு மேல் ஏறியது. “சித்திர வெயில்ல மோட்டார் எரியாத லாட்ஜு திருச்சானூர்ல எது கீதுன்னு சொல்லுங்க. சுகர் ஏறிச்சின்னா மொதல்ல அந்தத் தட்ட எடுத்து உள்ள வைங்க” என்றேன். மாப்பிள்ளையின் அப்பா தன் கையில் இருந்த மைசூர்பாகுத் துண்டைப் பார்த்தார். பாதிதான் மிச்சம் இருந்தது, அதையும் வாயில் போட்டுக்கொண்டார்.

அம்மா என்னை அடக்கிவிட்டு, “கல்ல மாத்திக் குடுத்துடறோம், அது ஒண்ணும் பெரிய விஷயம் இல்ல” என்றாள். குரல் கெஞ்சியது. அந்தக் குரலை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆற மாட்டேன் என்கிறது.

“கல்ல மாத்தலாம்மா” என்றார் சம்பந்தியம்மா. “அத்தினி கம்மல் கீற கடையில உங்க பொண்ணு கை ஏன் இதும்மேலயே போச்சி? அதான் எங்களுக்கு யோசனையா கீது. கொஞ்ச நாளு போவட்டும், பாக்கலாம்.”

கல்லில் இருந்த புள்ளி இப்போது என் தங்கையிடம் வந்துவிட்டது. நான் மாப்பிள்ளையைப் பார்த்தேன். காபி குடித்தவன், போனில் மணிக்கணக்காகப் பேசியவன். ‘என்னம்மா பேசறே’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அவன் கட்டைவிரல் போனின் மேல் மேலும் கீழும் போய்க்கொண்டிருந்தது. வாயில் கொழுக்கட்டையா வைத்திருந்தான்? நைனாவும் பேசவில்லை. தாம்பாளத்தை இரண்டு கையாலும் எடுத்துக்கொண்டு படியிறங்கினார். ஷேர் ஆட்டோவில் திரும்பும்போது அவர் மேலும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெற்ற பெண்ணைச் சொன்னால்கூடவா வாய் திறக்காது?

தங்கை லேபில் இருந்தாள். வெளியே கூப்பிட்டு மரத்தடியில் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். அவள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

“அவரு இன்னா சொன்னாரு?”

“ஒண்ணும் சொல்லல.”

தலையாட்டினாள். கண் கலங்கியது. துப்பட்டாவில் துடைத்துக்கொண்டு, “சாம்பிள் வெயிட்டிங்ல கீதுக்கா” என்று உள்ளே போய்விட்டாள்.

மறுநாளே கம்மலைத் திருப்பிக்கொடுக்க நைனாவும் நானும் அவளும் கடைக்குப் போனோம். அதே விற்பனைக்காரர், அதே விளக்கு. மோர் மட்டும் வரவில்லை.

“மூணு ராத்திரி கணக்கு முடிஞ்சுபோச்சேம்மா. இனிமே இது பழைய நகைதான். பழைய நகைக்குண்டான வெலதான் போட முடியும்” என்றார். சரி, அதுவாவது எவ்வளவு என்று கேட்டோம். லென்ஸை எடுத்துக் கண்ணில் வைத்தார். இப்படித் திருப்பினார், அப்படித் திருப்பினார். உதட்டைப் பிதுக்கினார்.

“புள்ளி ஒண்ணு இருக்குதேம்மா.”

அப்போது எனக்கு வந்த கோபம் ஜென்மத்தில் வந்ததில்லை. “விக்கும்போது அது பொறந்த மச்சம். கண்ணுக்கே தெரியாது. பூமிக்குள்ள வெளைஞ்சதுக்கு அடையாளம். இப்ப நாங்க கொண்டாந்தா அது புள்ளியாய்டுச்சா? நடுவுல வளந்துச்சா அது?” பக்கத்து நாற்காலிகளில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். மேனேஜர் ஓடிவந்து, “அம்மா, கொஞ்சம் நிதானங்கா” என்றார். அவர் சொல்லச் சொல்ல எனக்கு இன்னும் ஏறியது. என் கம்பெனியில் ஒரு பாகத்தைக் காலையில் நல்லது என்றும் சாயங்காலம் கெட்டது என்றும் சொன்னால் என்னை வேலையைவிட்டு அனுப்பிவிடுவார்கள். இங்கே அதற்கே ஏசி போட்ட கடை வைத்திருக்கிறார்கள். கல்லின் எடை மாறவில்லை, நிறம் மாறவில்லை, பட்டை மாறவில்லை. கல் யார் கையில் இருக்கிறது என்பது மட்டும்தான் மாறியது. வைரத்தின் விலையைப் பற்றி நான் கற்றுக்கொண்டது இது ஒன்றுதான். மற்றதெல்லாம் மண்ணாங்கட்டி.

நான் கத்திக்கொண்டிருந்தபோது தங்கை லென்ஸைக் கையில் எடுத்திருந்தாள். மைக்ராஸ்கோப்பில் பழகிய கண். இடது கம்மலை விளக்குக்கு நேராகப் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தாள்.

“கருப்பா எங்கக்கா கீது? காபித்தூள் கலர்ல கீது. ஒழுங்காக் கூடப் பாக்கல அவுங்க” என்றாள். பிறகு காதில் இருந்த பழைய தோட்டைக் கழற்றி நைனாவின் கையில் கொடுத்துவிட்டு, கண்ணாடியைப் பார்த்து வைரக் கம்மலைப் போட்டுக்கொண்டாள். திருகாணியை நிதானமாகத் திருகினாள். “எனக்குப் புடிச்சிருந்துதான் எடுத்தேன். இப்பவும் புடிச்சிருக்குது. வா நைனா, போவலாம்.”

அன்றிலிருந்து தினமும் அதைப் போட்டுக்கொண்டுதான் லேபுக்குப் போகிறாள். சொந்தக்காரர்கள் அம்மாவிடம் வந்து, “தோஷக் கல்லைப் பொண்ணு காதுல மாட்டிவிட்டுக்கினு கீறியே” என்று பரிதாபப்பட்டுவிட்டுப் போனார்கள். அம்மாவுக்குத் தூக்கம் போயிற்று. ஆனால் தங்கை அவன் போன் நம்பரை அழிக்கவில்லை. அது எனக்குத் தெரியும். ஏதாவது மெசேஜ் வந்ததா என்று அவள் திரையைத் திருப்பிப் பார்ப்பதை இரண்டு மூன்று முறை பார்த்திருக்கிறேன். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. அவன் வந்து நின்றால் இவள் போய்விடுவாளோ, போய் அந்த வீட்டில் மோட்டார் எரிந்தாலும் பால் திரிந்தாலும் காலமெல்லாம் பதில் சொல்லிக்கொண்டு இருப்பாளோ என்று.

ஆடி முடிந்ததும் வந்து நின்றார்கள். மாப்பிள்ளை, அவன் அம்மா, அப்பா மூன்று பேரும் காரில் நகரிக்கே வந்துவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை, நானும் வீட்டில் இருந்தேன். பின்பக்கம் தறி ஓடிக்கொண்டிருந்தது, பேச்சு அதற்கு மேலே கேட்க வேண்டும் என்பதால் சம்பந்தியம்மாவும் கத்தித்தான் பேசினார்.

“ஜோசியர்கிட்ட கேட்டுட்டோம். பொண்ணு மேல ஒரு கொறையும் இல்லையாம். கல்லுதான் சரியில்லையாம். அந்தக் கம்மல மாத்திட்டு, புள்ளி இல்லாத சுத்தமான கல்லா எடுத்துக் குடுங்க. மூணு ராத்திரி எங்க வூட்ல வச்சிப் பாத்துட்டு, தேதி குறிச்சிடலாம்.”

அம்மாவின் முகத்தில் உயிர் வந்தது. எனக்கு நாக்கு துடித்தது. கேட்கவேண்டியதையெல்லாம் மனசுக்குள் அடுக்கிக்கொண்டிருந்தேன். அதற்குள் தங்கை சமையல்கட்டிலிருந்து வந்தாள். காதில் அதே கம்மல். காபி, பிஸ்கட் தட்டை வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

“சரிங்க அத்தை. நல்ல வழக்கம்தான்” என்றாள். குரலை உயர்த்தவே இல்லை, ஆனால் எல்லாருக்கும் கேட்டது. “அப்ப நாங்களும் பாக்கணும் இல்ல? இவர மூணு ராத்திரி எங்க வூட்ல வுட்டுட்டுப் போங்க. கரண்டு போவாம, தறி நிக்காம, யாருக்கும் ஜொரம் வராம இருந்துச்சின்னா வச்சிக்கறோம். இல்லன்னா தாம்பாளத்துல வச்சித் திருப்பி அனுப்பிடறோம்.”

சம்பந்தியம்மாவின் வாய் திறந்தபடியே இருந்தது. அவன் அப்பா கையில் எடுத்த பிஸ்கட்டைத் தட்டிலேயே திரும்ப வைத்தார்.

தங்கை அவர்களைப் பார்க்கவில்லை. அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் சிரித்திருக்கலாம். ‘சரி, இருக்கறேன்’ என்று விளையாட்டுக்காவது சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அந்த நிமிஷமே எல்லாம் நேராகியிருக்கும், இவ்வளவு திட்டுகிற நானே அவனுக்கு இலை போட்டிருப்பேன். அவன் திரும்பி, என்ன சொல்ல வேண்டும் என்பதுபோல் தன் அம்மாவைப் பார்த்தான்.

தங்கைக்கு அது போதுமானதாக இருந்தது. கையைக் கட்டியிருந்தவள் கையைத் தளர்த்திக்கொண்டாள். அவள் முகத்தில் கோபமே இல்லை. ரிப்போர்ட் வந்துவிட்ட முகம்.

அப்போது நைனா எழுந்தார். இந்தச் சம்பந்தம் ஆரம்பித்த நாளிலிருந்து அவர்கள் முன்னால் அவர் ஒரு வார்த்தை பேசியதில்லை. அம்மாவைப் பார்த்து, தெருவுக்கே கேட்கிற அந்தக் குரலில் சொன்னார். “மாடி ரூம்ல பாய் எடுத்துப் போடு. தலகாணியும் வையி.”

அம்மா எழுந்திருக்கவா வேண்டாமா என்று தெரியாமல் பாதி எழுந்து நின்றாள். அந்த நேரம் பார்த்து, தினமும் மத்தியானம் போகிற கரண்ட் போயிற்று. மின்விசிறி நின்றது. பின்பக்கம் நாலு தறியும் ஒன்றன்பின் ஒன்றாக அடங்கின.

நைனா நின்றுபோன மின்விசிறியை அண்ணாந்து பார்த்தார். பிறகு மாப்பிள்ளையைப் பார்த்தார். வாழ்க்கையில் முதல்முறையாகக் குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

“பாயே இன்னும் போடல. அதுக்குள்ள கரண்டு போய்டுச்சி. ஒத்துவராதுங்க, கூட்டிக்கினு போய்டுங்க.”